கோழியைத் தானம் செய்தவன்

"ஒரு மணிக்கு அந்தம்மா புகார்ல கையெழுத்துப் போட்டுடுவாங்க. போட்டாச்சுன்னா என் தம்பி இந்த ஜென்மத்துல விமானம் ஏற மாட்டான்!"

லியூர்கா எங்கள் கடை வாசலில் நின்று மூச்சு வாங்கினாள். ஒரு காலில் செருப்பு இருந்தது, மறு காலில் இல்லை. சுவர்க் கடிகாரம் பதினொன்றே கால் காட்டியது. அது எட்டு நிமிடம் சோம்பேறி.

கடை என்றால், அரசாங்கத்தின் பார்வையில் குடையும் சிகரெட் லைட்டரும் பழுதுபார்க்கும் கடை. ஹவானாவில் துப்பறிய உரிமம் கிடையாது, குடைக்கு உண்டு. அதனால் என் தலைவி டொமிதிலா குடைக்கம்பிகளை நிமிர்த்தும் சாக்கில் வேறு சில கோணல்களையும் நிமிர்த்துகிறார். நான் நிவால்டோ. லைட்டருக்கு கேஸ் நிரப்புவேன். தலைவி வாயைத் திறக்காத நேரமெல்லாம் நான் திறப்பேன்.

"என்ன திருடு போச்சு?" என்றார் தலைவி, கம்பியிலிருந்து கண்ணை எடுக்காமல்.

"கல்லு."

"வைரமா?" என்றேன் நான்.

"அம்பது கிலோ வைரம் எங்கடா கிடைக்குது? அச்சடிக்கிற கல்லு. அந்தக் காலத்துச் சுருட்டுப் பெட்டி லேபிள் வரைஞ்சது. நூத்தி முப்பது வருஷம் பழசு. ஏழு வளைவு வீட்டுக் கூடத்துல வெச்சிருந்தாங்களே, அது. காலையில பத்து மணிக்குப் பார்த்தா காணோம். என் தம்பி ஒஸ்னியெல்தான் எடுத்தான்னு உக்கார வெச்சிருக்காங்க."

தலைவி கம்பியைக் கீழே வைத்தார். எனக்கும் சிரிப்பு போய்விட்டது.

பெலேன் பேட்டையில் ஏழு வளைவு வீட்டைத் தெரியாதவர் கிடையாது. சர்க்கரை வியாபாரியின் மாளிகையாக இருந்தது. அப்புறம் பதினெட்டுக் குடும்பங்கள் குடியிருந்தன. இப்போது கலைஞர்கள் வந்து தங்கி வேலை செய்யும் இல்லம். மாடியில் வெளிநாட்டு ஓவியர்கள், கீழே கல்லச்சுப் பட்டறை. அந்தப் பட்டறையில் தரை துடைக்கப் போய், கல்லில் படம் வரையக் கற்றுக்கொண்டவன் ஒஸ்னியெல். முப்பது வயதாகிறது. மெக்சிகோவில் ஓஹாகா ஊரிலிருக்கும் இதே மாதிரி ஓர் இல்லத்தில் ஆறு மாதம் தங்கி வேலை செய்ய அழைப்பு வந்திருந்தது. எங்கள் தெருவிலிருந்து அப்படிப் போகும் முதல் ஆள் அவன். விமானம் மாலை ஐந்து மணிக்கு. கார் ஒன்றரைக்கு வாசலுக்கு வரும்.

"அந்த வாய்ப்பு போச்சுன்னா?"

"போச்சுதான், டொமி. போலீஸ்ல பேர் ஏறினவனுக்கு எவன் மறுபடி விசா குடுப்பான்?"

தலைவி கதவைச் சாத்தினார். "செருப்பைத் தேடிப் போட்டுக்கிட்டு வா" என்று அவளிடம் சொல்லிவிட்டு நடந்தார். நான் பின்னால் ஓடினேன். தலைவிக்கு ஐம்பத்தெட்டு வயது. நடை மட்டும் முப்பதிலேயே நின்றுவிட்டது.

*

இல்லத்தின் நிர்வாகி மாரிட் நார்வேக்காரர். ஐந்து வருடமாக இங்கே இருக்கிறார். ஆனால் பேச்சு இன்னும் பாடப்புத்தகத்தை விட்டு இறங்கி வரவில்லை.

"நான் வருத்தப்படுகிறேன், திருமதி டொமிதிலா. ஆனால் சான்றுகள் தெளிவாக இருக்கின்றன" என்றார். மேசைமேல் புகார்த்தாள், அதன்மேல் பேனா. பக்கத்து நாற்காலியில் ஒஸ்னியெல், பயணத்துக்கென்று தேய்த்துப் போட்ட சட்டையில் வியர்வை ஊறி உட்கார்ந்திருந்தான்.

"கூடத்துக்கும் பட்டறைக்கும் சேர்த்துச் சாவி ரெண்டே ரெண்டு" என்று மேசைக்கு அந்தப் பக்கமிருந்து விளக்கினான் எவேலியோ. பட்டறையின் தலைமை அச்சர். நாற்பத்தெட்டு வயது. மீசையைக்கூட அளவு பார்த்து வைத்திருப்பவன். "ஒண்ணு எங்கிட்ட, ஒண்ணு இவங்கிட்ட. நான் எட்டு மணியிலேர்ந்து பத்து மணி வரைக்கும் ரேஷன் கோழி வரிசையில நின்னேன். இவன் தனியா இருந்தான். ஒன்பது மணிக்கு ஒரு பெரிய பெட்டியை இழுத்துக்கிட்டு வெளிய போனான். நான் வந்து பார்த்தா கல்லு இல்ல. நான் எதுவும் சொல்லல. நீங்களே கூட்டிப் பாத்துக்குங்க."

"பெட்டியை அம்மா வீட்டுல வைக்கப் போனேன்!" ஒஸ்னியெலின் குரல் உடைந்தது. "வேணா திறந்து பாருங்க!"

"பார்த்தோம். இல்லை" என்றார் மாரிட். "ஆனால் அதற்குள் அது கைமாறியிருக்கலாம். திரு எவேலியோவைப் பற்றியும் நான் விசாரித்தேன். நான் பாரபட்சம் காட்டுவதில்லை. வரிசையில் அவருக்கு முன்னால் நின்றவர், பின்னால் நின்றவர், இருவருமே சத்தியம் செய்தார்கள்."

ஹவானாவில் வரிசைச் சாட்சி என்றால் நோட்டரி முத்திரை மாதிரி. யாருக்குப் பின்னால் யார் என்பதைப் பெற்ற பிள்ளையின் பெயரை மறந்தாலும் மறக்க மாட்டார்கள்.

"பின்னால நின்னது யாரு?" தலைவி கேட்டார்.

"எதிர்வீட்டு நெரெய்தா. நர்ஸ்" என்றான் எவேலியோ. "போய்க் கேளுங்க."

"ஒரு மணி வரை காத்திருப்பேன். அதற்கு மேல் முடியாது" என்றார் மாரிட்.

மணி பதினொன்று ஐம்பது.

*

நெரெய்தாவின் வீட்டைத் தேட வேண்டியிருக்கவில்லை. பூண்டும் எலுமிச்சையும் போட்டுப் பொரிக்கும் கோழியின் வாசனை படியிறங்கி வந்து எங்கள் கையைப் பிடித்து அழைத்துப் போனது.

"வா செல்லம், வா. உக்காரு. காபி?" வாணலியைக் கிளறிக்கொண்டே கேட்டாள். "எவேலியோ பத்தித்தானே? காரிதாத் மாதா மேல சத்தியம், அவன் எனக்கு முன்னாடிதான். எட்டு மணிக்கு வந்து நான் 'கடைசி ஆள் யாரு'ன்னு கேக்கறேன், அவன்தான் கை தூக்கினான்."

முடிந்தது கதை என்று நான் காபியை எடுத்தேன். தலைவி கையிலிருந்த விசிறியை மடக்கினார். அது மடங்கினால் என் வாயும் மடங்க வேண்டும்.

"ஒன்பதரைக்குக் கடைக்காரர் வெளிய வந்து, 'இன்னிக்கு ஆளுக்கு ஒரு பவுண்டு கம்மி'ன்னாராமே. சண்டை நடந்துச்சாமே. எவேலியோ என்ன சொன்னான்?"

"அவன் எங்க இருந்தான் சொல்றதுக்கு?"

"வரிசையில இல்ல?"

"வரிசையிலதான் இருந்தான்! எனக்கு முன்னாடி!"

"நெரெய்தா. அவன் உடம்பு எங்க இருந்துச்சு?"

கரண்டி நின்றது. "அட, உடம்பா? உடம்பு எட்டேகாலுக்கே போயிடுச்சே. 'அடுப்புல பால் வெச்சிருக்கேன், இடத்தைப் பாத்துக்க'ன்னுட்டுப் போனான். எல்லாரும் அப்படித்தானே போவாங்க? நானே நடுவுல வந்து துணி ஊறப் போட்டேன். அந்த நார்வேம்மா 'அவர் வரிசையில் இருந்தாரா'ன்னு கேட்டாங்க. இருந்தான்னேன். பொய்யா?"

பொய் இல்லை. அதுதான் வேடிக்கை. என் ஆயுளில் பாதியை நான் உடம்பில்லாமல் வரிசையில் நின்றே கழித்திருக்கிறேன். ஆனாலும் எவேலியோ "நின்னேன்" என்றபோது எனக்கு உறைக்கவில்லை. இந்த ஊரில் பிறந்தவன் மட்டும் செய்யக்கூடிய தப்பு. இடம் நிற்கும், ஆள் நடக்கும். எங்களுக்கு இரண்டும் ஒன்று.

"எந்தப் பக்கம் போனான்?"

"ஏழு வளைவு வீட்டுக்குள்ளதான். அங்கதானே வேலை. பத்து மணிக்கு என் முறை வர்றதுக்கு முன்னாடி கரெக்டா வந்து நின்னான்."

"கையில ஏதாவது?"

"கார்டும் பையும்."

தலைவியின் பார்வை வாணலியில் நிலைத்தது. "நீயும் பையனும் ரெண்டே பேர். கோழி நாலு பேருக்கு வேகுதே?"

நெரெய்தாவின் முகம் மலர்ந்தது. "அது அவன் பங்கு! கவுண்டர்ல வாங்கி, அப்படியே என் பையில போட்டான். 'பையனுக்குப் பொரிச்சுக் குடு, எனக்கு வேணாம்'ன்னான். தங்கமான மனுஷன்!"

தலைவி என்னைப் பார்த்தார். நான் தலைவியைப் பார்த்தேன். நான் சந்தைக் குடும்பத்தில் வளர்ந்தவன். எங்கள் வீட்டில் பிறந்தநாள் பரிசுக்கே பேரம் நடக்கும். இந்த ஊரில் ரேஷன் கோழியை ஒருவன் சும்மா கொடுக்கிறான் என்றால், ஒன்று காதலிக்கிறான், இல்லை சாகப் போகிறான், இல்லை ஊரை விட்டுப் போகிறான்.

"உன்னைக் காதலிக்கிறானா?" என்று நெரெய்தாவைக் கேட்டேன்.

"கரண்டி சூடா இருக்கு, நிவால்டோ."

"அப்ப ஊரை விட்டுத்தான் போறான், தலைவி."

*

படியில் இறங்கும்போதே பொரிந்து தள்ளினேன். "எவேலியோதான். சந்தேகமே இல்ல! போய் நார்வேம்மாகிட்டச் சொல்லிடலாம்!"

"என்னன்னு சொல்லுவ? கோழி குடுத்தான், அதனால திருடன்னா? அந்தம்மா ஊர்ல கோழி குடுத்தா நல்லவன்னு அர்த்தம்." தலைவி வாசலில் நின்றார். "கல்லு வேணும். கல்லு எங்க?"

தெருவில் கோழி வரிசை இன்னும் நீண்டிருந்தது. முனைக் கடையில் தொடங்கி, ஏழு வளைவு வீட்டு வாசலை உரசிக்கொண்டு, அடுத்த முக்கு வரை. காலை ஏழு மணியிலிருந்து இப்படித்தான்.

"நிவால்டோ, அந்த வீட்டுக்குள்ள போ. முற்றத்துல சிமெண்டு மூட்டை கிடக்கும். ஒண்ணைத் தூக்கிக்கிட்டு வெளிய வா."

"எனக்கு முதுகு வலி, தலைவி."

"ஒஸ்னியெலுக்கு நெஞ்சு வலி. போ."

போனேன், தூக்கினேன், வந்தேன். வாசற்படி தாண்டியதுதான் தாமதம்.

"என்ன வந்திருக்கு?"

"சர்க்கரையா மச்சான்? எங்க குடுக்கறாங்க?"

"உள்ளயா குடுக்கறாங்க? கார்டுக்கா, இல்ல சும்மாவா?"

பத்தடி நடப்பதற்குள் என் பின்னால் ஒரு கிழவர் வந்து நின்று, "கடைசி ஆள் நீதானே?" என்றார். அவருக்குப் பின்னால் ஒருத்தி. அவளுக்குப் பின்னால் இரண்டு பேர். கோழி வரிசைக்கு ஒரு கிளை முளைத்துவிட்டது.

"சிமெண்டுய்யா! வெறும் சிமெண்டு!"

"எத்தனை மூட்டைன்னு சொல்லு!" என்றார் கிழவர், அசையாமல்.

தலைவி அவரிடம் போனார். "காலையில இந்த வாசல்லேர்ந்து யாராவது கனமா எதையாவது வெளிய கொண்டு போனாங்களா, ஐயா?"

"கொண்டு போயிருந்தா நாங்க விட்டிருப்போமா? ஒஸ்னியெல் பய ஒரு பெட்டியை இழுத்துக்கிட்டு வந்தான். 'என்னடா வந்திருக்கு'ன்னோம். 'ஒண்ணுமில்ல, என் துணி'ன்னான். யார் நம்புவா? இங்கயே திறக்க வெச்சோம். நாலு சட்டை, கொஞ்சம் படம். ஜட்டி மூணே மூணு! ஆறு மாசத்துக்கு மூணு ஜட்டி பத்துமான்னு எல்லாரும் திட்டி அனுப்பினோம்."

"எத்தனை பேர் பார்த்தீங்க?"

"தெருவே பார்த்துச்சு."

விமான நிலையத்தில்கூட இவ்வளவு கண்டிப்பான சோதனை கிடையாது. ஒஸ்னியெல் எடுக்கவில்லை. அதைவிடப் பெரிய செய்தி: எவனும் எதையும் வெளியே எடுக்கவில்லை.

"கல்லு வீட்டுக்குள்ளதான் இருக்கு" என்றார் தலைவி.

மணி பன்னிரண்டு நாற்பது.

*

"வீடு முழுவதும் தேடிவிட்டேன்" என்றார் மாரிட். பேனா அவர் கையில் ஏறியிருந்தது. "அலமாரியில் உள்ள ஒவ்வொரு கல்லையும் இருவரை வைத்துத் திருப்பி, முன்னும் பின்னும் பார்த்தேன். சுருட்டு லேபிள் இல்லை."

"எண்ணினீங்களா?"

"எதை?"

"கல்லுங்களை. மொத்தம் எத்தனை உங்ககிட்ட?"

"நாற்பத்து மூன்று. காணாமல் போனதையும் சேர்த்து."

பட்டறைக்குப் போனோம். எவேலியோவும் வந்தான். ஒஸ்னியெலைத் தலைவி கையோடு இழுத்து வந்தார். சுவர் நெடுக மர அலமாரிகள். அவற்றில் புத்தகம் போல நிறுத்திவைத்த சுண்ணாம்புக் கற்கள். நடுவில் அச்சு இயந்திரம். அதன் தட்டில் ஒரு கல் படுத்திருந்தது, ஈரத்துணி போர்த்தியிருந்தார்கள். துணிமேல் அட்டை: 'பதிப்பு நடக்கிறது. கை வைக்காதே.'

நான் விரல் விட்டு எண்ணினேன். தலைவியும் எண்ணினார். இரண்டு பேருக்கும் அலமாரியில் நாற்பத்திரண்டு.

"நாற்பத்து மூன்றில் ஒன்று போனால் நாற்பத்திரண்டு. சரிதானே?" என்றார் மாரிட்.

"மெஷின்மேல இருக்கறதை யார் எண்ணுவா?"

மாரிட் தட்டைப் பார்த்தார், அலமாரியைப் பார்த்தார், உதட்டை அசைத்து எண்ணினார்.

"அதோட சேர்த்தா நாப்பத்து மூணு. ஒண்ணுமே குறையல" என்றார் தலைவி. "அந்தத் துணியை எடுங்க. கல்லைத் திருப்பணும்."

"கூடாது!" என்று கத்தியது எவேலியோ அல்ல, ஒஸ்னியெல். "ஐயோ வேணாம்! பதிப்பு ஓடிக்கிட்டிருக்கிற கல்லு. நடுவுல வேற ஆள் கை வெச்சா படம் போச்சு. எவனுமே தொட மாட்டான். நானும் தொட விட மாட்டேன்!"

தன் கழுத்துக்கு வந்த கயிற்றைத் தானே காவல் காக்கிறான், பைத்தியக்காரன்! எவேலியோவின் மீசை ஓரம் லேசாக அசைந்தது. கல்லை ஒளிக்க அவன் பூட்டு தேடவில்லை. அச்சர்களின் மரியாதையையே பூட்டாக்கியிருந்தான்.

"அவன் சொல்றது சரி" என்றான் எவேலியோ. தானே துணியை ஓரமாக விலக்கினான். கல்மேல் கறுப்பு மையில் ஒரு படகின் படம். "என் வேலை. பாத்துக்குங்க. இதுவா சுருட்டு லேபிள்?"

மாரிட் பெருமூச்சு விட்டார். மணி பன்னிரண்டு ஐம்பத்தைந்து.

"அழகா இருக்கு" என்றார் தலைவி. "ஒஸ்னியெல் போகலைன்னா மெக்சிகோவுக்கு யார் போவா, மேடம்?"

"பட்டியலில் இரண்டாவது பெயர். திரு எவேலியோ. இருவருக்கும் விசா வாங்கியிருக்கிறோம்."

"எத்தனை தடவை விண்ணப்பம் போட்டிருக்க, எவேலியோ?"

"பதினொண்ணு" என்றான். முதல் தடவையாக அவன் குரலில் பாலிஷ் இல்லை.

"சரி. நாங்க தொடல, திருப்பல. பதிப்பு நடக்குதுன்னு எழுதியிருக்கே, நடத்து. ஒரே ஒரு பிரதி எடுத்துக் காட்டு."

"காகிதம் நனைக்கல."

"நான் நேத்தே நனைச்சு வெச்சிருக்கேன்" என்றான் ஒஸ்னியெல். வெள்ளந்தியாகத்தான் சொன்னான். "மை உருட்டி நானே எடுத்துத் தர்றேன். நாலு நிமிஷ வேலை."

அவன் காரியத்தில் இறங்கினால் உலகம் மறந்துவிடும் என்று லியூர்கா சொல்லியிருக்கிறாள். அன்று கண்ணால் பார்த்தேன். கல்லைப் பஞ்சால் ஈரமாக்கினான், மை உருட்டினான், காகிதத்தைப் படுக்கவைத்தான், மேல்தகட்டை மூடினான், தட்டை உருளைக்கடியில் தள்ளினான். ஒவ்வொன்றுக்கும் எவேலியோவின் நெற்றியில் ஒரு வியர்வைத் துளி கூடியது. ஒஸ்னியெலின் கை நெம்புகோலைப் பிடித்தது. அதை இறக்கினால் நூற்றுக்கணக்கான கிலோ பாரம் கல்மேல் இறங்கும்.

நெம்புகோல் பாதி வந்தது.

"இறக்காதே!" எவேலியோ பாய்ந்து அந்தக் கையைப் பிடித்தான். "அடியில கம்பளி விரிச்சிருக்கேன்டா! மெத்துன்னு இருந்தா கல்லு ரெண்டா பிளந்துடும்!"

ஒஸ்னியெல் திரும்பினான். "கம்பளியா? மெஷின் தட்டுல எதுக்குக் கம்பளி?"

சொல்லும்போதே அவனுக்குப் புரிந்தது. அடிப்பக்கத்தில் ஏதோ ஒன்று கீறல் படாமல் இருக்க வேண்டும். அதற்குத்தான்.

நாலு பேருமாகக் கல்லைத் திருப்பினோம். கம்பளியிலிருந்து எழுந்து வந்தாள், கிரீடமும் புகையிலைக் கட்டுமாக ஒரு சீமாட்டி. ஒரு கீறல் இல்லை. கூடத்தில் சுவரைப் பார்த்து நின்ற பின்பக்கத்தில், ஒஸ்னியெல் விசாவுக்குப் போன செவ்வாய்க்கிழமை எவேலியோ படகை வரைந்து வைத்திருக்கிறான். இன்று காலை ஒஸ்னியெல் பெட்டியோடு வெளியே போனதும், சக்கர மேசையில் ஏற்றிக் கொண்டுவந்து கவிழ்த்துவிட்டான். ஒரு மனிதனின் வாழ்க்கையை உடைக்கத் துணிந்தவனுக்கு ஒரு கல்லை உடைக்க மனம் வரவில்லை.

*

மாரிட்டின் முகம் சிவந்திருந்தது. புகார்த்தாளில் ஒரு பெயரை அடித்தார். "வேறு பெயர் எழுதுகிறேன்."

எவேலியோ ஸ்டூலில் உட்கார்ந்திருந்தான். திடீரென்று சிரித்தான். அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்கவில்லை. கடைசிச் சரக்கைக் கடைசி நிமிடத்தில் எடுத்துப் போடும் வியாபாரிகளை எனக்குத் தெரியும்.

"எழுதுங்க மேடம். நல்லா எழுதுங்க. போலீஸ் வரட்டும். முதல்ல யார்கிட்ட வாக்குமூலம் வாங்குவாங்க? இவன்கிட்ட. சாட்சி இல்லாம கேஸ் நிக்காது. சாயங்காலம் ஆறு மணி வரைக்கும் ஸ்டேஷன் பெஞ்சுல உக்காந்திருப்பான். விமானம் அஞ்சுக்கு."

வாசலில் கார் ஹாரன் அடித்தது. பேனா தாளுக்கு மேலே அந்தரத்தில் நின்றது. ஒஸ்னியெலின் முகத்தில் ரத்தமே இல்லை. நான் போகாவிட்டால் நீயும் போகாதே. அவ்வளவுதான் எவேலியோவின் கணக்கு.

தலைவி மெதுவாகக் கேட்டார். "மேடம், என்ன திருடு போச்சுன்னு எழுதப் போறீங்க?"

"கல்..." மாரிட் நிறுத்தினார்.

"உங்ககிட்ட இருந்தது நாப்பத்து மூணு. இப்ப இருக்கறதும் நாப்பத்து மூணு. ஒரு கல்லை ஒரு இடத்துலேர்ந்து எடுத்து இன்னொரு இடத்துல வெச்சிருக்கான் உங்க ஆள். அதுக்கு எந்த ஸ்டேஷன்லயும் பேப்பர் கிடையாது. அவனுக்கு என்ன தண்டனைங்கறதை நாளைக்கு உங்க மேசையில உக்காந்து யோசிங்க. இந்தப் பையன் நேரம் இன்னிக்கு."

மாரிட் தாளை நான்காகக் கிழித்தார். பிறகு எவேலியோவிடம் கையை நீட்டினார். அவன் சாவியைக் கொடுத்தான்.

ஒஸ்னியெல் சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு வாசலுக்குப் போனான். லியூர்கா இரண்டு காலிலும் செருப்போடு காரின் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். வாசற்படியில் அவன் நின்று திரும்பினான்.

"எவேலியோ. அடுத்த வருஷமும் விண்ணப்பம் போடு. அங்க போனவங்க யாராவது சிபாரிசு எழுதினா எடுத்துக்குவாங்களாம். உனக்கு நான் எழுதறேன்."

கார் கிளம்பிப் போனது. அவன் கொடுத்தது மன்னிப்பா, வேறேதாவதா என்று எனக்குத் தெரியாது. எவேலியோ மட்டும், யாரோ ஓங்கி அறைந்ததுபோல, கன்னத்தில் கை வைத்தபடி வெகுநேரம் உட்கார்ந்திருந்தான்.